முதல் நாவல்: காப்பை அடகு வைக்க முன்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இறுதிப் போரின் கடைசி இடப்பெயர்வை வைத்து ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டேன். முழுக்கக் கைபேசியில் தட்டியது, ஏறக்குறைய 45,000 சொற்கள். 500 பிரதி அடித்தால்தான் கட்டுபடியாகும் என்கிறது ஓர் அச்சகம். செலவை நான் கொடுத்தால் தங்கள் பெயரில் போடுவதாகச் சொல்கிறது ஒரு பதிப்பகம். காப்பை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். வைகாசியில் வெளியிட விருப்பம். எதை முதலில் செய்வது?

பதில்: காப்பு கையிலேயே இருக்கட்டும். வைகாசியையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எழுதி முடித்த சூட்டில் புத்தகத்தை உடனே கையில் பார்க்க வேண்டும் போல எல்லாருக்கும் இருக்கும். முதல் புத்தகத்தில் காசு போவதும் பிழைகள் ஏறுவதும் அந்த அவசரத்தில்தான். அச்சடிப்பது இன்று பெரிய காரியமில்லை. கோப்பு ஒழுங்காக இருந்தால் சில கிழமைகளில் பெட்டிகள் வந்து இறங்கிவிடும். இறங்கியதை யார் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் வன்னியில் எழுதுகிற எல்லாரும் முட்டுப்படுகிறோம்.

1970களில் வீரகேசரி பிரசுரம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. பத்திரிகை நிறுவனமே போட்டதால் அவை தமிழ் ஊர்களெங்கும் போய்ச் சேர்ந்தன. எழுத்தாளர் எழுதிக் கொடுத்தால் போதும். இன்று அப்படி ஓர் ஏற்பாடு நமக்கு இல்லை. உங்கள் பக்கத்துக் கடைகள் பெரும்பாலும் கொப்பியும் கடந்தகால வினாத்தாளும் விற்கிற கடைகள். நாவலுக்கென்று ராக்கை வைத்திருக்கும் கடைக்கு யாழ்ப்பாணமோ வவுனியாவோ பஸ் ஏற வேண்டும். எத்தனை பிரதி, எந்தப் பதிப்பகம், எப்போது வெளியீடு என்ற உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும், உங்களால் எத்தனை வாசகரை எட்ட முடியும் என்பதிலிருந்துதான் விடை தேட வேண்டும்.

அதற்கும் முன்னால் எழுத்துப் பிரதியைத் திருத்துங்கள். இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் அந்த இடப்பெயர்வுப் பாதையால் நடந்தவராக இருக்கட்டும். மற்றவர் அப்போது வன்னியிலேயே இல்லாதவர், மட்டக்களப்பிலோ மலையகத்திலோ வாழ்பவர், அல்லது 2009 க்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளை.

நடந்தவர் திகதியையும் இடத்தையும் பிடிப்பார். கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்குப் பிந்திய அத்தியாயத்தில் உங்கள் பாத்திரம் கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி வாங்கினால் வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்த ஒழுங்கு இங்கே ஒவ்வொருவருக்கும் தலைகீழாகச் சொன்னாலும் தெரியும். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. கதையில் யாராவது 2013 இல் அங்கிருந்து வெளியே வந்தால் அதுவும் பிழை. ஒரு கொப்பியில் அத்தியாயம், மாதம், இடம் என்று மூன்று நிரல் போட்டு எழுதிப் பாருங்கள். நினைவு எங்கே சறுக்கியிருக்கிறது என்று ஒரு பின்னேரத்திலேயே விளங்கிவிடும்.

அங்கே இல்லாதவர் பிடிப்பது வேறு. நமக்கு நன்றாகத் தெரிந்ததை நாம் சொல்லாமலே கடந்துவிடுவோம். சேலையைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பி பங்கருக்கு அடுக்கியதை "மூட்டை அடுக்கினோம்" என்று இரண்டு சொல்லில் எழுதிவிடுவோம். கல்முனையில் இருக்கிற வாசகருக்கு அதில் ஒன்றுமே தெரியாது. எந்தச் சேலை, யாருடைய சேலை, கூறைச் சேலையையும் வெட்டினார்களா என்று அவர் கேட்பார். அவர் கேட்கிற இடத்தில்தான் உங்கள் நாவலின் உயிர் இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதும்போது பக்கம் கூடினாலும் பரவாயில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கதையில் வரும் ஆக்கள் உங்களைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று முதல் நாவல் எழுதுகிற பலர் நம்புகிறார்கள். வன்னியில் அது போதாது. எனக்கு வாசிக்கக் கிடைத்த ஒரு பிரதியில் பெயர், ஊர் இரண்டும் மாற்றப்பட்டிருந்தன. ஆனால் பாத்திரம் ஒற்றைக் கையால் உழவு இயந்திரம் ஓட்டியது. அந்தக் குளத்தடியில் அப்படி ஓட்டுகிறவர் ஒருவர்தான். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள், கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். எழுதியவர் நேரே போய்க் கதைத்தார், அவர் சொன்னபடி இரண்டு பக்கத்தை மாற்றினார். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தால் அந்தத் தாய்க்கு அச்சுக்கு முன் வாசித்துக் காட்டுங்கள். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போது உங்கள் நாவலில் அந்தப் பிள்ளை செத்துப்போனால், கற்பனை என்று முன்பக்கத்தில் போடும் ஒரு வரி அவருக்கு ஆறுதல் தராது. முன்பு புலிகள் இயக்கத்தில் இருந்துவிட்டு இன்று அமைதியாக வாழ்கிறவர்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிடுங்கள்.

எழுத்துக்காகச் சட்டம் கதவைத் தட்டியதும் நடந்திருக்கிறது. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் தன் கவிதைத் தொகுப்பைக் காரணம் காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசெம்பரில் பிணை, 2023 டிசெம்பரில் விடுதலை. பயந்து எழுதாமல் விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அட்டைப்படம், பின்னட்டை வாசகம், சமர்ப்பணம் இவற்றை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள். புத்தகத்தைத் திறக்காதவர்கள் பார்ப்பது அவற்றைத்தான்.

சரி, இனி அச்சகம். கைபேசியில் தட்டியிருக்கிறீர்கள் என்றால் உங்கள் கோப்பு யூனிகோட். நம்முடைய அச்சகங்கள் பலவற்றில் பக்க வடிவமைப்பு இன்னும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில்தான் நடக்கிறது. மாற்றும்போது இடறுகிற இடங்கள் உண்டு. பாமினியில் காற்புள்ளிக்குரிய விசையில் 'இ' இருக்கிறது, அரைப்புள்ளிக்குரிய விசையில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. காற்புள்ளியைச் சரியாக மாற்றாவிட்டால் வசனத்தின் நடுவே காரணமில்லாமல் ஓர் 'இ' வந்து நிற்கும். மேற்கோள் குறி, கிரந்த எழுத்து, ஆங்கில எழுத்து வரும் இடங்களிலும் இதே தொல்லை. யூனிகோடிலேயே வடிவமைக்கும் அச்சகத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், மாற்றிய பிறகு முழுப் புத்தகத்தையும் தாளில் எடுத்து வரிவரியாக மெய்ப்புப் பாருங்கள். திரையில் பார்ப்பது போதாது. நீங்கள் மட்டும் பார்ப்பதும் போதாது, எழுதியவர் கண்ணுக்கு எழுத நினைத்ததுதான் தெரியும். காசு கொடுத்தென்றாலும் ஒரு தமிழ் ஆசிரியரை வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிய முதல் புத்தகத்துக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறு இல்லை.

45,000 சொல், நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில் ஏறத்தாழ 200 பக்கம் வரும். அச்சகங்கள் பொதுவாக 16 பக்கமாகத் தாளை மடிப்பதால் 192 அல்லது 208 க்குள் அடக்கப் பாருங்கள். 194 இல் நின்றால் மீதி 14 வெற்றுப் பக்கத்துக்கும் காசு கொடுப்பீர்கள்.

500 அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்று அச்சகம் சொல்வது உண்மைதான். ஓஃப்செற் அச்சில் பிளேட்டுக்கும் முதல் வேலைகளுக்கும் ஆகும் செலவு 200 அடித்தாலும் 500 அடித்தாலும் ஒன்றே. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. மொத்தச் செலவை அடிக்கிற பிரதியால் பிரிக்காதீர்கள், விற்கக்கூடிய பிரதியால் பிரியுங்கள். ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்: சொந்தம், ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், ஊர்ச் சங்கம், உங்களை ஏற்கெனவே வாசிப்பவர்கள். அதில் வாங்குவார்கள் என்று நெஞ்சறிய நம்புகிற பெயர்கள் 150 வந்தால் 200 அல்லது 250 அடியுங்கள். எண்மிய (டிஜிட்டல்) அச்சில் குறைந்த பிரதிகளும் அடிக்கலாம், கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமாமார் ஆளுக்கு ஐம்பது எடுப்பார்கள் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம். 80 கிராம் தாளில் 200 பக்கப் புத்தகம் கால் கிலோவுக்குச் சற்றுக் கூட வரும், நூறு பிரதி 26 கிலோ. தபாலில் போனாலும் பயணப் பையில் போனாலும் அந்தப் பாரத்துக்கு யாரோ காசு கட்ட வேண்டும்.

அச்சகத்திடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: வேலை முடிந்ததும் வடிவமைத்த மூலக் கோப்பும் அச்சுக்குப் போன பிடிஎஃபும் உங்களுக்குத் தர வேண்டும். அது கையில் இருந்தால் 250 தீர்ந்த பிறகு இன்னும் 100 அடிப்பது சுலபம்.

பதிப்பக விஷயம். செலவு முழுக்க உங்களுடையது என்றால் அவர்கள் தருவது என்ன என்று நேரே கேளுங்கள். பிரதியைச் செம்மை செய்வார்களா, எத்தனை பிரதியைத் தாங்களே விற்பார்கள், எந்தெந்தக் கடைக்குப் போகும், கணக்கு எப்போது வரும்? பெயரும் இலச்சினையும் மட்டும்தான் என்றால் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. உங்கள் பெயரிலேயே வெளியிடலாம். சர்வதேச தராதர நூல் எண்ணை (ISBN) கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் தருகிறது. தனியாள் வெளியீட்டுக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கினால் அது இலங்கை எண். அதற்கும் பதிப்புரிமைக்கும் சம்பந்தமில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியபோதே பதிப்புரிமை உங்களுடையதாகிவிட்டது. பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் அது நிற்கும். ஆகவே ஒப்பந்தத்தில் "சகல உரிமைகளும்" என்று இருந்தால் ஒப்பம் வைக்காதீர்கள். முதற்பதிப்புக்கு, இத்தனை பிரதிக்கு, அச்சு வடிவில் மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

தங்கள் காசைப் போட்டு வெளியிடும் பதிப்பகங்களும் இல்லாமல் இல்லை, குறைவு. அவர்களுக்கு மூன்று அத்தியாயம் அனுப்பிவிட்டுச் சில மாதம் பொறுத்திருப்பதில் ஒரு நட்டமும் இல்லை. அந்த நேரத்தில் திருத்த வேலை நடக்கட்டும்.

வெளியீட்டு விழா நமக்கு முக்கியம், ஏனென்றால் போட்ட காசில் பெரும்பங்கு திரும்புவது அங்கேதான். வைகாசி வேண்டாம் என்று சொன்னதற்கு அதுவும் காரணம். முள்ளிவாய்க்கால் நினைவு நாள், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்று மாவட்டமே வேறு மனநிலையில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வைக்காதீர்கள். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனி நல்லது. மண்டபத்துக்குப் பள்ளிக்கூடமே போதும். ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று பன்னிரண்டு பேரைப் போட்டால் நாவலைப் பற்றிப் பேசுகிறவருக்கு நேரம் வரும்போது பாதிக் கதிரை வெறுமையாகிவிடும். நயவுரைக்கு ஒருவர், வரவேற்புரை, உங்கள் ஏற்புரை, காணும். நயவுரை சொல்பவருக்கு இரண்டு கிழமை முன்னரே புத்தகம் போக வேண்டும்.

பிரதி வாங்குவோர் கடித உறைக்குள் காசு வைத்துத் தருவார்கள். மேசையில் நம்பிக்கையான ஒருவரை இருத்தி, உறையில் பெயர் எழுதி, கொப்பியில் பதியச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு நிகழ்வுக்கு நீங்களும் கொடுக்க வேண்டும், அது நம் ஊர் முறை. அன்றைக்குத் தீர்ந்த பிரதிகளை வாசகர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்புக்காக வாங்கியவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். அதனால் விழாவிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல் ஐம்பது பிரதியைத் தனியே வையுங்கள். அச்சிட்டவர் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதிகளை அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்தில் பிரதேச சபை நூலகங்கள், இரண்டொரு சனசமூக நிலையம், வீரகேசரி, தினகரன், உதயன் இலக்கியப் பக்கங்கள், அல்வாயிலிருந்து வரும் ஜீவநதி சஞ்சிகை என்று அனுப்புங்கள். அரச இலக்கிய விருதுக்கும் வடமாகாண நூற்பரிசுக்கும் விண்ணப்பம் கோரும்போது அனுப்பவும் பிரதி வேண்டும்.

கடைக்குக் கொடுத்தால் விலையில் மூன்றிலொரு பங்காவது கழிவு போகும், காசும் விற்ற பிறகுதான் வரும். எத்தனை பிரதி, எந்தத் திகதி என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

விழா முடிந்து இரண்டு மூன்று மாதம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முதல் புத்தகம் போட்ட பலர் மனம் உடைகிற காலம் அது. புத்தகம் சரியில்லை என்று அதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். நாவலை வாசிக்க நாள் எடுக்கும், அதுவும் இந்த நாவலை நம் சனம் ஒரே மூச்சில் வாசிக்காது, வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும். அந்த மாதங்களில் மீதிப் பெட்டிகளை நிலத்தில் வைக்காமல் பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். வன்னிக் கறையானுக்கு ஒரு மாரி காணும்.

பதிப்புத் தீர்ந்து மறுபதிப்புக்கு வழியில்லை என்றால், 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களை எண்மியப்படுத்தி இணையத்தில் வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். கடிதத்தில் எந்தப் பதிப்பு என்று குறிப்பிட்டு, அச்சுரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் உங்களிடமே இருப்பதாக ஒரு வரி சேருங்கள்.