வாசலில் டிபன் பாக்ஸைத் தடுத்தால்?

கேள்வி: எங்கள் ஊர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். எட்டு வயது மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை சாப்பிட்டால் குடல் கெடும் நோய்) என்று போன வருஷம் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து வீட்டுக்குள் கோதுமையே வருவதில்லை. பொங்கல் லீவில் அண்ணன் குடும்பத்தோடு சென்னையில் ஒரு தீம் பார்க் போக நினைக்கிறோம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்களாமே? அங்கே அவளுக்கு என்ன வாங்கித் தரலாம்?

பதில்: தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த நோய்க்காக ஒரு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் டிக்கெட் எடுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

நம் தீம் பார்க்குகளில் பல, வெளிச் சாப்பாட்டை அனுமதிப்பதில்லை. மருத்துவக் காரணம் என்றால் விலக்குக் கேட்கலாம். அதை வாசலில் போய் நின்றுகொண்டு கேட்காதீர்கள். பார்க் அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் ஒருவர் “கொண்டு வாங்க மேடம்” என்று சொல்லியிருப்பார். வாசலில் பையைச் சோதிப்பவருக்கு அது தெரியாது. டாக்டர் சீட்டில் நோயின் பெயரும், ‘கோதுமை, பார்லி, ரை கூடாது, வீட்டு உணவு அவசியம்’ என்ற ஒரு வரியும் இருக்கட்டும். இரண்டையும் பிரிண்ட் எடுத்து டிபன் பாக்ஸோடு வையுங்கள்.

சரி, உள்ளே போய் ஏதாவது வாங்க வேண்டி வந்தால்? மெனுவில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைவிட, அந்தச் சாப்பாட்டைத் தொட்ட கரண்டியும் எண்ணெயும் கல்லும் வேறு எதைத் தொட்டன என்பதுதான் முக்கியம். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் (கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் புரதம்) தொடர்ந்து உள்ளே போனாலே சிறுகுடலின் உட்சுவர் கெடும். ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் இந்த 50 மில்லிகிராம்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருவன் இப்படி ஒரு பார்க்கில் ஃபிங்கர் சிப்ஸ் சாப்பிட்டான். உருளைக்கிழங்கும் உப்பும்தானே என்று பெற்றோர் நம்பினார்கள். பக்கத்து கவுன்ட்டரில் அதே எண்ணெயில்தான் சமோசா பொரிந்துகொண்டிருந்தது, ஜல்லிக்கரண்டியும் ஒன்றுதான். ராத்திரி ஊர் திரும்பும்போது ரயிலில் வாந்தி. அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அவர் மேல் தப்பே இல்லை, எண்ணெயைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

தோசையும் அப்படித்தான். மாவில் கோதுமை இருக்காது. ஆனால் அந்தக் கல்லில் முந்தின நிமிஷம் ரவா தோசையோ பரோட்டாவோ வெந்திருக்கும். இட்லி ஆவியில் தனியாக வேகிறது, அதனால் தோசையைவிடப் பரவாயில்லை. மாவில் ரவை கலக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரைப் பிள்ளைக்கு மீன் வறுவலைப் பார்த்தால் கை தானாகப் போகும். வீட்டில் நீங்கள் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரிக்கிறீர்கள், கடையில் மசாலா ஒட்டி நிற்பதற்கு மைதா சேர்ப்பதுண்டு. வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது பெருங்காயத்துக்குத்தான். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம், தூளோ கட்டியோ, பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்துச் செய்தது. உங்கள் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதன் டப்பாவையும் இன்றைக்கே ஒரு தடவை படித்துவிடுங்கள். அரிசி மாவில் செய்ததும் கிடைக்கிறது. வெளியில் சாம்பார், ரசம், இட்லிப் பொடி, தாளித்த தயிர்ச்சாதம், மசாலா மோர் எல்லாவற்றிலும் இது இருக்கலாம். பார்க்கில் கப்பில் விற்கும் ஸ்வீட் கார்னில்கூட, சோளம் நல்லதுதான், மேலே தூவும் சாட் மசாலாவில் பெருங்காயம் வரும். வெண்ணெய், உப்பு மட்டும் போட்டு, புதுக் கரண்டியில் கிளறித் தரச் சொல்லுங்கள்.

வெறும் சாதம், தாளிக்காத தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றை நம்பி வாங்கலாம். ஐஸ்கிரீம் என்றால் கோன் கூடாது. சீல் வைத்த கப்பை லேபிள் படித்து வாங்குங்கள். மால்ட் கலந்த பானங்களில் பார்லி இருக்கும். பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வாமைத் தகவலைக் காட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது, அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

கவுன்ட்டரில் பில் போடுகிற பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை. மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதுவும் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே. கூட்டம் ஏறிவிட்டால் அவருக்குக் காது கொடுத்துக் கேட்க நேரம் இருக்காது. “நோய்” என்று பொதுவாகச் சொல்லாமல், “மைதா, ரவை, கோதுமை, பெருங்காயம் எதுவும் படக் கூடாது” என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டால் அவருக்கு உடனே புரியும். கீழக்கரைப் பக்கமிருந்து வெளிநாடு போகிற குடும்பங்களும் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனி மெனுவே தருகிறார்கள், வீட்டுச் சாப்பாட்டையும் உள்ளே விடுகிறார்கள். அங்கேயும் சமையலறையில் துளிகூடப் படாது என்று உறுதி தருவதில்லை. அதனால் எங்கே போனாலும் கேள்வி இதேதான்.

வீட்டிலிருந்து புளிச்சாதம் (பெருங்காயம் போடாமல்), எள்ளுருண்டை, கடலை மிட்டாய் எடுத்துப் போகலாம். தங்கும் அறையில் சின்ன ரைஸ் குக்கர் ஒன்று இருந்தால் காலையில் சுடச்சுடச் சாதம் வடித்துத் தயிர் பிசைந்துவிடலாம். பையை லாக்கரில் வைக்கச் சொன்னால், பசிக்கிற நேரத்தில் எடுக்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பொங்கல் சமயம் நம் பக்கம் பனங்கிழங்கு வந்துவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து ஒரு கட்டாக எடுத்துப் போங்கள், அண்ணன் பிள்ளைகளுக்கும் சேர்த்து. எல்லோரும் ஒரே பையில் கைவிட்டு எடுத்து நார் உரித்துத் தின்னும்போது, அவள் மட்டும் தனி டப்பாவோடு ஓரமாக உட்கார வேண்டியிருக்காது.