குளத்துக்கு மேலே விற்கப்படும் காணிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்துக்கு மேற்புறமாக இருந்த மேட்டுக்காணி இப்போது துண்டு துண்டாக விற்கப்படுகிறது. கிறவல் பாதை போட்டவர்கள், மாரியில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைக்குள் ஒரேயொரு ஒன்பதங்குலக் குழாயை வைத்துவிட்டு மேலே மண்ணை நிரப்பிவிட்டார்கள். நீரேந்துப் பகுதிகளில் காணி அபிவிருத்தியைக் கட்டுப்படுத்த உபவிதி ஒன்று கொண்டுவருவது பற்றிப் பிரதேச சபை ஆலோசிப்பதாக அறிகிறேன். குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கும்போது சபைக்கு அந்த அதிகாரம் உண்டா? என் தம்பிக்கும் அங்கே காணி உண்டு. அவனுடைய உரிமை பாதிக்கப்படுமா?
வாசகர், தம்பலகாமம்

பதில்: அதிகாரம் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதிகளை இயற்றச் சபைக்கு இடமளிக்கிறது. சபை நிறைவேற்றிய உபவிதி உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும்.

திணைக்களத்தின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 200 ஏக்கர் வரையான வயலுக்குப் பாயும் சிறு குளங்களைக் கமநலத் திணைக்களமும் அதற்கு மேற்பட்டவற்றை நீர்ப்பாசனத் திணைக்களமும் கவனிக்கின்றன. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரப்பவும் முடியாது. ஆனால் நீங்கள் குறிப்பிடும் மேட்டுக்காணி குளமுமல்ல, வயலுமல்ல. அந்த இடத்தில் காணி துண்டாடப்படும்போது வரைபடத்தைப் பார்த்து அனுமதி வழங்கும் சபைதான் முதலில் கேள்வி கேட்கக்கூடிய நிலையில் இருக்கிறது.

கேட்டே ஆகவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பற்றைக்காடும் புல்லும் இருந்த மேட்டில் விழும் மழை மெதுவாக ஊறி, வடிந்து, ஓரளவு தெளிந்தே குளத்துக்கு வரும். காடு வெட்டிக் கிறவல் பரப்பினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே நீர் செம்மண்ணை அள்ளிக்கொண்டு பாய்ந்து, துருசுக்கு (வயலுக்கு நீர் திறந்துவிடும் வாயிலுக்கு) முன்னால் வண்டலாகப் படியும். ஆண்டுக்கு ஆண்டு குளம் தூர்ந்து, முன்பு நிரம்பி வான் பாய்ந்த குளத்திலேயே சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் போகும். நம் முன்னோர் குளத்தின் தலைப்பில் மரங்களையும் புல்வெளியையும் விட்டுவைத்தது இந்த மண்ணைத் தடுப்பதற்காகத்தான். வயலுக்கு மட்டும் உரிய கவலையல்ல இது. திருகோணமலை நகரத்துக் குழாய்களுக்கும் கந்தளாய்க் குளத்து நீர்தான் வருகிறது.

ஆகவே, குளக்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று மட்டும் எழுதப்படும் உபவிதி போதாது. ஓடைகள் யாவும் நில அளவை வரைபடத்தில் குறிக்கப்பட்டு, விற்பனைக்கு உட்படாத ஒதுக்கமாக விடப்பட வேண்டும். பாதை கடக்கும் இடத்தில் பெருமழை வெள்ளம் தடையின்றிப் போகக்கூடிய அளவில் மதகு கட்டப்பட வேண்டும். மாரி தொடங்கும் வேளையில் காடு வெட்ட அனுமதிக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காணி உறுதி எழுதப்படும் முன்னரே இவற்றைச் செய்து முடிக்கும் கடமை காணியைத் துண்டாடுபவர் மீது சுமத்தப்பட வேண்டும். இருபது பேர் வாங்கிய பின்னர், அடைபட்ட ஓடைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரும் முன்வரமாட்டார்கள்.

உங்கள் தம்பியின் உரித்து எங்கும் போகாது. காணியைப் பயன்படுத்தும் முறைக்கே நிபந்தனை வரும். பத்துப் பேர்ச்சில் சொந்த வீடு கட்டுபவருக்கும் ஏக்கர்க் கணக்கில் விற்பவருக்கும் ஒரே சுமையை ஏற்றுவது நியாயமல்ல என்பதை அவர் சபைக்கு எழுத்தில் தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும்.

கேள்வி: கடற்கரைக் காணிகளுக்கும் இத்தகைய விதி தேவையா? எங்களிடம் குளமே இல்லை.
வாசகி, நிலாவெளி

பதில்: தேவைதான். உங்கள் மணலுக்குள் இருக்கும் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கரையோர வலயம் நிலப்பக்கமாகப் பொதுவாக 300 மீற்றர் வரையே செல்கிறது. அதற்கு அப்பால் விடுதிகளுக்கும் வீட்டுத்திட்டங்களுக்கும் குழாய்க் கிணறுகள், மலக்குழிகள், மழைநீரை மண்ணுக்குள் விடுதல் ஆகியவை பற்றிய நிபந்தனைகளை உபவிதியில் சேர்க்குமாறு கேளுங்கள். உங்கள் அயலில் ஏற்கெனவே அனுமதி பெற்ற கட்டடத்துக்கு என்ன நிபந்தனைகள் விதிக்கப்பட்டன என்பதை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பித்துக் கேட்கலாம்.