கழுத்துக் கொழுப்பைக் கரைக்கும் டப்பா

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மட்டக்குதிரையும் மெக்னீசியமும்தான். சீசன் நெருங்குகிறது, மலை முழுக்க எல்லார் ஃபோனிலும் ஒரே விளம்பரம் ஓடியிருக்கிறது போல. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபத்தில் எழுதிய வார்த்தைகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

என் சவாரிக் குதிரை ஒரு மட்டக்குதிரை; பன்னிரண்டு வயது. பிடரிக்குக் கீழே கழுத்து மேடு கட்டை மாதிரி கெட்டிப்பட்டிருக்கிறது. போன மழைக்காலத்தில் முன்குளம்பு இரண்டும் சூடாகி, நடக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. டாக்டர் லேமினைடிஸ் என்றார். இப்போது பரவாயில்லை. 'கழுத்துக் கொழுப்பு கரையும், குளம்புக்குப் பாதுகாப்பு' என்று ஒரு மெக்னீசியம் பவுடர் வருகிறது, கிலோ 2,800 ரூபாய். வாங்கலாமா சார்? (ஊட்டி)

வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். குளம்பின் வெளி ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய தகடுகள். அவை புண்பட்டுப் பிடி தளர்வதுதான் லேமினைடிஸ். பிடி ரொம்பத் தளர்ந்தால் எலும்பே இடம் மாறிக் கீழ்நோக்கித் திரும்பிவிடும். கொழுத்த மட்டக்குதிரைக்கு இது வருவதற்குப் பெரும்பாலும் ரத்தத்தில் ஏறிக்கிடக்கும் இன்சுலின்தான் காரணம். ஆஸ்திரேலியாவில் நல்ல ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் உடம்பில் இன்சுலின் அளவைத் தொடர்ந்து உயர்த்தி வைத்துப் பார்த்தார்கள், லேமினைடிஸ் வந்தது. 2007-ல் வெளியான ஆய்வு அது.

இதில் மெக்னீசியம் எப்படி நுழைந்தது? சர்க்கரை நோய் உள்ள மனிதர்கள் பலருக்கு மெக்னீசியம் குறைவாக இருக்கிறது. அப்படியானால் குதிரைக்கும் கொடுத்தால் இன்சுலின் சீராகும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கையில் தப்பில்லை, சோதித்துப் பார்த்தால் போதும். பார்த்தார்கள். ஏற்கெனவே லேமினைடிஸ் வந்த 12 கொழுத்த குதிரைகளை எடுத்துக்கொண்டு, குரோமியமும் மெக்னீசியமும் சேர்ந்த மருந்தை 16 வாரம் கொடுத்த ஆய்வு 2011-ல் வெளியானது. உடல் அளவும் மாறவில்லை, இன்சுலினும் மாறவில்லை.

'எங்கள் குதிரைக்குக் கேட்டதே' என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'தீவனக் கட்டுப்பாட்டுடனும் உடற்பயிற்சியுடனும் பயன்படுத்தவும்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். தீவனத்தைக் குறைத்து நடக்கவும் விட்டால் குதிரை இளைக்கத்தான் செய்யும். பெயரைத் தட்டிக்கொண்டு போவது டப்பா.

தேவைக் கணக்கையும் போட்டுவிடுவோம். சும்மா நிற்கும் 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழரை கிராம் மெக்னீசியம் போதும் என்பது பொதுவான அளவு. உங்கள் மட்டம் 250 கிலோ என்றால் நாலு கிராம்கூட வேண்டாம். காய்ந்த எடையில் மூன்றே முக்கால் கிலோ புல் தின்கிறது, அதில் மெக்னீசியம் 0.15 சதவீதம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஐந்தரை கிராம் உள்ளே போய்விடுகிறது. நல்ல சிறுநீரகம் உள்ள குதிரைக்கு மிச்சமெல்லாம் சிறுநீரில்தான். 2,800 ரூபாயை அப்படியா விட வேண்டும்?

இன்சுலின் ரத்தப் பரிசோதனைக்கு வழி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். கொள்ளு, தவிடு, வெல்லம் மூன்றையும் நிறுத்துங்கள். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்கள் நீட்டும் ரொட்டியும் பிஸ்கட்டும் அதே கணக்குதான். கேரட்டும் உங்கள் குதிரைக்கு இனிப்புப் பண்டம்தான். புல், உடல் எடையில் ஒன்றரை சதவீதம். இது காய்ந்த எடைக் கணக்கு. பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். காய்ந்த புல் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்; சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தால் புல்லில் சர்க்கரை தேங்கும். அந்த நாட்களில் வெளியே மேய விடாதீர்கள்.

ஆனால் ஒரே அடியாகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். கொழுத்த மட்டக்குதிரை திடீரென்று சாப்பாட்டை விட்டால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். நடையும் டாக்டர் 'சரி, நடக்க விடு' என்ற பிறகுதான். குளம்பு மறுபடி சூடானால் அன்றைக்கே கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்கு ஃபோன் செய்யுங்கள். அன்றைய சவாரி வருமானம் போகட்டும்.

பேதி உப்பும் மெக்னீசியம்தானே? கிலோ நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதைப் போட்டால் குதிரை இளைக்குமா? (அரவங்காடு)

கழியும். இளைக்காது.

மகளின் மட்டக்குதிரை குண்டாகிக்கொண்டே போகிறது. சலுகை விலை முடியப் போகிறது என்றார்கள், மூன்று டப்பா வாங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் போட வேண்டும்? எடை தெரியவில்லை. டாக்டரிடம் இன்னும் காட்டவில்லை. (குன்னூர்)

எடை தெரியாது, நோய் என்னவென்று தெரியாது, சலுகை எப்போது முடியும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. எத்தனை ஸ்பூன் என்றால், இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். சீல் உடைக்கவில்லையென்றால் இன்றைக்கே திருப்பி அனுப்பப் பாருங்கள்.

தையல்காரர் டேப் வீட்டில் இருக்கும். முன்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் சுமார் 214 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்து, சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அவர் நேரமாவது மிஞ்சும்.

நீலகிரி மண்ணிலேயே மெக்னீசியம் கிடையாது, அதனால்தான் தேயிலைக்கு டோலமைட் போடுகிறார்கள், குதிரைக்கும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். எங்கள் தோட்டத்திலேயே டோலமைட் மூட்டை இருக்கிறது. அதையே கொடுத்தால் என்ன? (கோத்தகிரி)

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. நம் மண் புளித்த மண். கொட்டுகிற மழையில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அரித்துப் போகின்றன. டோலமைட் போடுவது அதற்குத்தான். ஆனால் மண்ணில் குறைவு என்றால் புல்லிலும் அதே அளவு குறைவு, அதுவும் குதிரைக்குப் பற்றாத அளவுக்குக் குறைவு என்று தானாக ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் புல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஈரமான இளம்புல் மேய்ந்த கறவை மாடு மெக்னீசியம் குறைந்து விழுந்துவிடுவது உண்டு, அது நிஜமான நோய். குதிரைக்கு அப்படி நேர்வது அபூர்வம். மாட்டுக் கதையைக் குதிரைக்கு விற்கிறார்கள்.

தோட்டத்து மூட்டையைத் தொடாதீர்கள். மண்ணுக்கு அரைத்த கல் அது. தீவனத்துக்கு ஆகுமா, அதில் வேறு என்ன உலோகம் இருக்கிறது என்று யாரும் பார்த்து மூட்டை கட்டவில்லை.

தாது உப்புக்குச் செலவு செய்தே தீருவேன் என்றால் டாக்டரிடம் கால்சியத்தைப் பற்றிக் கேளுங்கள். நம் வீடுகளைச் சுற்றிப் படர்ந்து கிடக்கும் கிக்குயூ புல்லில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கிக்குயூவை மட்டுமே தின்று வளரும் குதிரைக்கு நாளடைவில் எலும்பு பலவீனமாகி முகம் உப்பும். மேலே தவிடும் கொட்டினால் அதிலுள்ள பாஸ்பரஸ் இன்னும் கெடுக்கும். இந்த மலையில் கவலைப்பட வேண்டிய தாது உப்பு அதுதான். அதைப் பற்றி ஒரு விளம்பரத்தையும் நான் பார்க்கவில்லை.

ஆன்லைனில் மெக்னீசியம் டப்பா வாங்கினேன். 'குளம்புப் பாதுகாப்புக் கலவை' என்று இருக்கிறதே தவிர எவ்வளவு மெக்னீசியம் என்று எங்கேயும் இல்லை. விளம்பரத்தில் ஒரு ஸ்பூனுக்கு 5 கிராம் என்று சொல்லியிருந்தார்கள். திருப்பி எடுக்கச் சொன்னால், 'திறந்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம். தவிர நீங்கள் சவாரித் தொழில் செய்பவர், நுகர்வோரே இல்லை' என்று பதில். இருப்பது ஒரே குதிரை. அதை வைத்துத்தான் வீடு ஓடுகிறது. நான் நுகர்வோர் இல்லையா? (கொடைக்கானல்)

நீங்கள் நுகர்வோர்தான் அண்ணே. அந்தப் பதிலை எழுதியவருக்கு ஒன்று சட்டம் தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோர் பட்டியலிலிருந்து விலக்குகிறது, உண்மைதான். ஆனால் தன் கையால் உழைத்துச் சொந்தப் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே இடத்தில் விளக்கமும் இருக்கிறது. ஏரியைச் சுற்றி ஒற்றைக் குதிரையை நடத்திக் குடும்பம் நடத்துபவருக்காகவே எழுதியது போன்ற வரி. அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளும் சொல்கின்றன.

இப்போதே செய்ய வேண்டியது, அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. நாளைக்கு இருக்காது. டப்பாவை நாலு பக்கமும் படம் எடுங்கள், பில்லையும் அவர்கள் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினால் 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம்.

சரி, இந்த 'கலவை' என்ற வார்த்தையைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆத்திரம் உண்டு, இங்கேயே கொட்டிவிடுகிறேன். டப்பாவின் முன்பக்கம் துள்ளும் குதிரைப் படம், கொட்டை எழுத்தில் 'மெக்னீசியம்'. திருப்பினால் 'சிறப்புக் கலவை, 20 கிராம்'. அந்த 20 கிராமில் எது எவ்வளவு என்று கேட்டால் தொழில் ரகசியம். ரகசியத்தை நாம் காசு கொடுத்து வாங்கிக் குதிரை வாயில் போட வேண்டும். 'மெக்னீசியம் ஆக்சைடு 5 கிராம்' என்று போட்டிருந்தால்கூட அதில் மெக்னீசியம் அதிகபட்சம் மூன்று கிராம், ஏனென்றால் ஆக்சைடில் 60 சதவீதம்தான் மெக்னீசியம். பேதி உப்பு என்றால் பத்து சதவீதம். அதே 5 கிராமில் அரை கிராம்தான் தேறும். உப்பின் எடையா, மெக்னீசியத்தின் எடையா என்று சொல்லாத லேபிள் ஒன்றும் சொல்லாத லேபிள். என் வீட்டு நாய்க்கு இப்படி ஒரு மூட்டுக் 'கலவை' மாத்திரை வாங்கினேன். அது நொண்டுவதை நிறுத்தவில்லை, மாத்திரையை மட்டும் விரும்பிச் சாப்பிட்டது. அலமாரியில் அதற்குப் பக்கத்தில்தான் சுவரில் செருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று வாங்கிய பெட்டியும் இருக்கிறது. பச்சை விளக்கு இன்னும் நன்றாகவே எரிகிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுத ஆள் வேண்டும். அண்ணே, உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

குதிரைத் தீவனம் விலை ஏறிவிட்டது. கோழித் தீவனம் கொஞ்சம் கலந்து போடலாமா? (கூடலூர்)

கூடவே கூடாது. கோழித் தீவனத்தில் மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து சேர்ந்திருக்கலாம். கோழிக்கு அது மருந்து. குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயம் பழுதாகிச் சாகும். மூட்டைகளைக்கூட ஒரே அறையில் வைக்காதீர்கள்.

ஒரு மட்டக்குதிரை பாதி விலைக்கு வருகிறது. 'எப்போதோ லேசாகக் கால் வலி வந்தது, இப்போது மெக்னீசியத்தில் இருக்கிறது, பிரச்சினை இல்லை' என்கிறார் விற்பவர். பிள்ளைகளுக்காக வாங்கலாமா? (லவ்டேல்)

'மெக்னீசியத்தில் இருக்கிறது' என்பதை 'லேமினைடிஸ் வந்தது' என்று படியுங்கள். அப்புறம் குளம்பைப் பாருங்கள்.

முன்குளம்பின் சுவரில் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். எல்லாம் சம இடைவெளியில் ஓடினால் பெரிதாகப் பயமில்லை. தீவனம் மாறினாலும் அப்படி விழும். முன்முனையில் நெருங்கியும் குதிகால் பக்கம் போகப்போக அகன்றும் விரிந்தால் அது பழைய லேமினைடிஸின் தடம். குளம்பு மேலிருந்து தரை வரை வளர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், அதனால் ஒரு வருட வரலாறு அங்கேயே எழுதியிருக்கிறது. புதிதாகக் கறுப்பு எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். காலைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தால், ஓட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஒரு வெளிறிய கோடு தெரியும். முன்முனையில் அது அகன்றோ ரத்தக்கறையோடோ இருந்தால் நல்லதல்ல. கெட்டித் தரையில் நடக்கவிட்டுச் சின்ன வட்டமாகத் திருப்பச் சொல்லுங்கள். முன்காலை ஒத்தடம் வைப்பது போல எடுத்து வைக்கிறதா, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கிறதா என்று கவனியுங்கள்.

ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள், இன்னொரு முறை சொல்லாமல் போங்கள். வலி ஊசி போட்டு நிறுத்தி வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். லாடம் அடிப்பவர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள், விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் குளம்புக்கு எக்ஸ்ரே எடுக்க வழி இருந்தால் அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். குளம்பைத் தூக்கவே விடவில்லையென்றால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள், பஸ் கட்டணம்தான் நஷ்டம்.