14 மாதக் குழந்தையை கிரெச்சில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியுமா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

கேட்டவரின் நிலைமை இது: குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர், வரும் ஜனவரியில் புது நிறுவனத்தில் சேர்கிறார். பையனுக்கு 14 மாதம். கணவருக்கும் முழுநேர வேலை. ஊரிலிருந்து மாமியார் துணைக்கு வருகிறார். பையன் அழுது ஏங்கிவிடுவானோ என்று பயம்.

அழுவான். ஒன்றிரண்டு வாரம் வாசலிலேயே ஒப்பாரி வைப்பான். நீங்கள் காரை எடுத்துத் தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே போய் மணலைக் கிளறிக்கொண்டிருப்பான். கிரெச் ஆன்ட்டி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். பார்த்தால் நிம்மதி பாதி, "அடப்பாவி, என்னைத் தேடவே இல்லையா" என்ற கடுப்பு பாதி. அழுகையைப் பற்றி இவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் பதினோரு மணிக்கு கிரெச்சிலிருந்து போன் வரும்: பிள்ளைக்கு மேல் சுடுகிறது, வந்து கூட்டிப் போங்கள். அப்போது உங்கள் இருவரில் யார் எழுந்து போவது? வேலையில் சேரும் முன் கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

இங்கே 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வருடத்துக்கு 3 நாள் சம்பளத்தோடு குடும்பப் பொறுப்பு விடுப்பு எடுக்கலாம். ஆனால் அதே முதலாளியிடம் 4 மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருக்க வேண்டும், வாரத்தில் 4 நாளாவது வேலைக்குப் போகிறவராக இருக்க வேண்டும். நீங்கள் ஜனவரியில் சேர்ந்தால் மே வரை சட்டப்படி உங்களுக்கு அந்த விடுப்பே கிடையாது. நோய் விடுப்பைப் போடலாமே என்றால், அது உங்கள் உடம்புக்குத்தான், பையன் உடம்புக்கு அல்ல. அதுவும் முதல் 6 மாதத்தில் 26 நாள் வேலைக்கு 1 நாள் என்று சொட்டுச் சொட்டாகத்தான் சேரும். உங்கள் கணவருக்கு அந்த 3 நாள் முழுசாக இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. ஆக, முதல் நான்கு மாதம் போன் வந்தால் கிளம்ப வேண்டியவர் அவர். இதில் பெருந்தன்மைக்கு இடமே இல்லை, விடுப்பு அவர் கையில்தான் இருக்கிறது. ஆதாரம் கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு, அதனால் டாக்டர் சீட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் ஒரு துக்கம் என்றாலும் இதே 3 நாளில்தான் எடுக்க வேண்டும் என்பதால், மூக்கு ஒழுகுகிற ஒவ்வொரு நாளுக்கும் இதைச் செலவழிக்காதீர்கள்.

கிரெச் படிவத்தில் அவசரத் தொடர்பு என்று ஓர் இடம் இருக்கும். அதில் முதல் வரியில் அவர் நம்பரை எழுதுங்கள். எழுதினாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள், பழக்கதோஷம். எங்கள் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி சாட்ஸ்வொர்த்காரர், நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். என் கணவர் நம்பர் மேலே இருந்தும் எனக்கேதான் அடிப்பார். "ஆன்ட்டி, அவரைக் கூப்பிடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே சொல்லிச் சொல்லித்தான் மாறியது. இப்போது நேராக அவருக்கே அடித்து, "மை பாய், சீக்கிரம் வா" என்கிறார். நாற்பது வயது மனுஷனுக்கு அதில் ஒரு சந்தோஷம் வேறு. (அந்த வீட்டில் புரட்டாசி முழுக்க அசைவம் கிடையாது. நம் ஊரில் எத்தனை வீட்டில் அப்படி இருக்கிறார்கள், சொல்லுங்கள்.)

முதல் குளிர்காலத்தில் உடம்புக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு பிள்ளைக்குக் கை-கால்-வாய் நோய் வந்தால் போதும், வகுப்பே கொப்புளத்தோடு திரியும். சேர்க்கும்போது "ரோடு டு ஹெல்த்" என்ற தடுப்பூசிப் பதிவுப் புத்தகத்தைக் கேட்பார்கள். 12 மாதத் தட்டம்மை ஊசி அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த தடுப்பூசி 18 மாதத்தில்.

வேலைக்குப் போன பிறகு உண்மையில் கஷ்டமான நேரம் எது என்றால், சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை. பகல் முழுக்க சமர்த்து, அம்மா முகத்தைக் கண்டதும் ஆட்டம். கார் சீட்டில் உட்கார வைத்தால் உடம்பை வில்லாக வளைத்து, ஒரு செருப்பைக் கழற்றி வீசி, பெல்ட்டைப் பூட்ட விடமாட்டாள் என் பெண். குழந்தை சீட் இல்லாமல் ஏற்றவும் முடியாது. 3 வயதுக்குக் கீழே கட்டாயம் என்று 2015 மே முதல் சட்டம். நெய் தடவிச் சுருட்டிய பாதி தோசை ஒரு சின்ன டப்பாவில் என் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதை வாயில் வைத்த பிறகுதான் பெல்ட் பூட்டும் சத்தம் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்கு ஓடாதீர்கள். முதல் இருபது நிமிஷம் தரையில் உட்கார்ந்து அவனோடு இருங்கள், பிறகு எட்டு மணி வரை உங்கள் காலைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டான். அதற்கு ஞாயிற்றுக்கிழமையே வேலை செய்து வைக்க வேண்டும். வேகவைத்த பருப்பை காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைப்பேன். மாவு அரைப்பது கணவர் பொறுப்பு. டர்பன் பிப்ரவரி புழுக்கத்தில் மாவு ராத்திரியே பொங்கி வழிந்துவிடும். ஜூலைக் குளிரில் ஓவன் விளக்கைப் போட்டு அதற்குள் வைத்தால்தான் அசையும்.

கிரெச் வேண்டாம், வீட்டிலேயே நானி (பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆள்) வைக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். வசதிதான், காய்ச்சல் நாளிலும் ஆள் இருக்கும். செலவைச் சரியாகப் போடுங்கள்: 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிய வேண்டும், நீங்களும் அவரும் ஆளுக்குச் சம்பளத்தில் ஒரு சதவீதம். உம்லாசி, க்வாமாஷு போன்ற புறநகரிலிருந்து விடியும் முன் டாக்ஸி (இங்கே அது ஷேர் வேன்) பிடித்து வருகிறவர், தன் பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டுத்தான் வருகிறார். டாக்ஸி ஸ்ட்ரைக் அன்று அவரால் வர முடியாது. அன்றைக்கும் அதே கேள்வி, யார் வீட்டில் இருப்பது?

மாமியார் டிக்கெட்டைப் போட்டுவிட்டீர்களா? விசா 90 நாள்தான். அக்டோபரில் வந்தால் ஜனவரியில் கிளம்பியாக வேண்டும். பாட்டி போன அதே வாரம் அம்மாவும் காலையில் காணாமல் போனால் பையன் தாங்கமாட்டான். டிசம்பர் கடைசியில் வரட்டும், மார்ச் வரை இருக்கட்டும். டிசம்பர் 16 விடுமுறையை ஒட்டி மூடுகிற கிரெச்சுகள் பல ஜனவரி இரண்டாம் வாரம் வரை திறக்காது. நானிமாரும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். நீங்கள் ஜனவரி முதல் வாரமே சேர வேண்டியிருந்தால் அந்த இடைவெளிக்கு மாமியாரை விட்டால் ஆளில்லை. திறந்த பிறகு இரண்டு மூன்று வாரம் பாதி நாள் மட்டும் விட்டுப் பழக்குங்கள். மாமியார் இங்கே கார் ஓட்டப்போவதில்லை என்பதால், நடுப்பகலில் யார் கூட்டி வருவது என்பதையும் கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கடைசியாக, கிரெச் வீட்டுக்குப் பக்கத்திலா, ஆபீஸுக்குப் பக்கத்திலா என்று கேட்டிருந்தீர்கள். போன் வந்தால் யார் போகிறாரோ அவர் ஆபீஸுக்குப் பக்கத்தில். அவர் ஆபீஸ் பைன்டவுனில், உங்களுடையது உம்ஷ்லாங்காவில் என்றால் பைன்டவுனில் தேடுங்கள்.