மச்சானுடன் சேர்ந்து 50 டாலர் தங்க நாணயம் வாங்கலாமா?

கேள்வி: சேக்ரமெண்டோவில் இருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தனியார் கம்பெனிகள் அடித்த தங்க நாணயங்களைச் சேர்க்கிறேன். பெக்ட்லர் ஒரு டாலர், 1849 மொஃபட் ஐந்து டாலர், 1861 கிளார்க்-க்ரூபர் ஐந்து டாலர் என்று மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஏல விலை 15,000 டாலர், கமிஷன் 3,000. எல்லாமே கிரெடிட் கார்டில், 22 சதவீத வட்டி. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவருகிறேன். இப்போது மச்சான், என் வீட்டின் மேல் கடன் எடுத்து ஹம்பர்ட் என்ற அரசுத் தங்க மதிப்பீட்டாளர் பெயரில் வந்த 1851 எண்கோண 50 டாலர் நாணயத்தை ஆளுக்குப் பாதியாக வாங்கலாம் என்கிறார். தங்கம்தான் ஏறிக்கொண்டே போகிறதே?

பதில்: தங்கம் ஏறட்டும். உங்கள் ஐந்து டாலர் நாணயத்தில் இருப்பது கால் அவுன்ஸ் தங்கம்கூட இல்லை. மீதி விலை அது அரிதாக இருப்பதற்கு. 1851இல் பால்ட்வின் என்ற கலிஃபோர்னியக் கம்பெனியின் நாணயங்களில் தங்கம் குறைவு என்று தெரிந்ததும் அவை பெருமளவில் உருக்கப்பட்டன. இன்று அவற்றுக்கு அவ்வளவு விலை இருப்பது அதனால்தான். அரிய நாணயத்துக்கு விலை வைப்பது, ஏலத்தன்று வந்திருக்கும் நாலைந்து பேர்.

சிக்கல் நாணயத்தில் இல்லை, "குறைந்தபட்சத் தொகை" கட்டும் பழக்கத்தில். 18,000க்கு வருட வட்டி ஏறக்குறைய 3,960, மாதம் 330. அசல் அசையாது. இரண்டு வருடத்தில் அடக்கவிலை சுமார் 26,000. விற்பவரிடம் ஏலக்காரர் 10 சதவீதம் பிடித்தால், ஏல விலை 29,000 தொட வேண்டும். அன்றைக்கு உங்களைத் தவிர யாரும் 15,000 கொடுக்க முன்வரவில்லை என்பதை மறக்காதீர்கள்.

மொஃபட்டையும் கிளார்க்-க்ரூபரையும் விற்றுக் கார்டில் கட்டுங்கள். கொஞ்சம் நஷ்டம் வரும், வரட்டும். மிச்சக் கடனை மாதாமாதம் அடையுங்கள். பெக்ட்லர் இருக்கட்டும், வட கரோலைனாவில் ஒரு குடும்பம் அரசு டங்கசாலையை முந்திக்கொண்டு அடித்த தங்க டாலர் அது, கையில் வைத்துப் பார்க்கவே சந்தோஷம்.

ஹம்பர்ட் வேண்டாம். அது முழுக்கத் தனியார் சரக்கும் அல்ல, அரசு ஒப்பந்தத்தில் மொஃபட் கம்பெனி அடித்தது. மச்சான் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அடமானம் போவது உங்கள் வீடு. பாதி நாணயத்தைத் தனியாக விற்கவும் முடியாது; நீங்கள் விற்கலாம் என்றால் அவர் "இன்னும் ஏறும்" என்பார். அரிய நாணயத்தைத் துண்டு போட்டுப் பங்காக விற்கும் செயலிகள் பக்கமும் போய்விடாதீர்கள், அங்கே கையில் நாணயம்கூட வராது.

அப்புறம், கரடி படம் போட்டு "டாலர்" என்ற சொல்லே இல்லாத குட்டிக் கலிஃபோர்னியா காசுகளை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பெரும்பாலும் பிற்கால நினைவுப்பொருள்கள், பல வெறும் பித்தளை.