பிரிக்க வேண்டாம், இன்னொன்று பின்னுங்கள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். குழந்தை பிறப்பதற்கு முன்பு எனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். கருநீலத் தரையில் வெள்ளை, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு என்று உடம்பிலும் கையிலும் முழுக்க டிசைன் வரும் ஃபேர் ஐல் ஸ்வெட்டர், அதாவது ஒரு சுற்றில் இரண்டு நிற நூலைச் சேர்த்துப் பின்னுவது. ஒரு டிசைனுக்கு 28 கண்ணி, சுற்றிவர ஒன்பது டிசைன், மார்புச் சுற்று 90 செ.மீ. இப்போது மார்பில் இறுக்குகிறது. மேல்கையில் அதைவிட மோசம், போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடிவதில்லை. 104 செ.மீ. இருந்தால்தான் எனக்குச் சரிவரும்.

இதைப் பிரித்து அதே நூலில் பெரிதாகப் பின்னிவிடலாமா? இல்லை, பெரிய ஊசி எடுத்து அதே கண்ணிக் கணக்கில் புதிதாகப் பின்னலாமா? டிசைன் குறித்து வைத்திருந்த தாள் தொலைந்துவிட்டது. அன்று வாங்கிய நிறங்களில் கருநீலம் மட்டும்தான் இன்னும் கிடைக்கிறது. "இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளேன்" என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு கேட்கவில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

---

அன்புள்ள வாசகிக்கு,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகான வேலை. உள்பக்கப் படம் அனுப்பியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், பின்னல்காரரின் கை அங்கேதான் தெரியும். நூல்கள் ஒரே சீராக, சுருங்காமல் ஓடுகின்றன. இப்படி ஒன்றைப் பின்னியவர் கடையில் கிடைப்பதை வாங்கிச் சமாதானமாக மாட்டார். மனசு கேட்காதது நியாயம்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: பிரிக்காதீர்கள்.

உடம்பு ஒரே நிறமாக இருந்து கழுத்தைச் சுற்றி மட்டும் டிசைன் இருந்தால் நானே பிரிக்கச் சொல்லியிருப்பேன். கண்ணி மூடிய முனையிலிருந்து பிரித்து, சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் நூலின் சுருள் நீங்கி மறுபடி பின்னத் தயாராகிவிடும். உங்களுடையது அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நிறம், அதுவும் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை மாறுகிறது. பிரித்தால் கையில் வருவது சில மீட்டர் நீளத் துண்டுகள்தான். முனைகளைப் பின்னலுக்குள் கோத்து மறைத்திருக்கிறீர்கள், அவை ஒவ்வொன்றையும் தேடி எடுக்க வேண்டும். கம்பளி இழைகள் துவைக்கத் துவைக்க ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், இழுத்தால் நூல் அறும். இத்தனையும் பொறுத்துக்கொண்டாலும் நூல் போதாது. 90 செ.மீ. 104 ஆகும்போது அகலத்துக்கு மட்டுமே 15 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வேண்டும். கையும் அகலமாக வேண்டும் என்கிறீர்கள். வெளுத்த பழைய நூலோடு புது நூலைச் சேர்த்தால் எந்த இடத்தில் சேர்த்தீர்கள் என்று பார்ப்பவர்களுக்கு அப்படியே தெரியும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தாள் தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தாளில் இருந்தது எல்லாமே அந்த ஸ்வெட்டரில் இருக்கிறது, தாளில் இல்லாததும் இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டு எதைப் பார்த்துப் பின்னுவீர்கள்? நல்ல வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்துப் போடுங்கள். ஒரு டிசைனின் இரு ஓரங்களிலும் வேறு நிற நூலை நேராக ஓட்டி எல்லை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக கிராஃப் தாளில் ஏற்றுங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. அப்புறம் அதை எடை போட்டுக் குறித்து வையுங்கள். புதியதற்கு எவ்வளவு நூல் வாங்குவது என்பதற்கு அதைவிட நம்பகமான கணக்கு கிடையாது. அகலமும் நீளமும் எத்தனை மடங்கு கூடுகின்றனவோ அத்தனை மடங்கு எடையைக் கூட்டி, கைக்காவலாக நிறத்துக்கு ஓர் உருண்டை சேர்த்து வாங்குங்கள்.

உள்பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு நூலும் பின்னால் ஓடும்போது ஒன்று எப்போதும் கீழே ஓடும். கீழே ஓடுகிற நிறத்தின் கண்ணி முன்பக்கத்தில் சற்றுப் பெரிதாக, எடுப்பாகத் தெரியும். உங்கள் படத்தில் வெள்ளையும் மஞ்சளும் கீழே ஓடுகின்றன, கருநீலம் மேலே. நட்சத்திரங்கள் அவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். புதியதிலும் அதே நூல் அதே இடத்தில் இருக்கட்டும். நடுவில் கை மாறினால் டிசைன் மங்கியது போலாகிவிடும், எதனால் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

சரி, பெரிய ஊசி. அதே 252 கண்ணியை 104 செ.மீ.க்கு இழுத்தால் 10 செ.மீ.க்கு 28 கண்ணி இருந்தது 24 ஆகிவிடும். அந்த மெல்லிய நூலுக்கு அது ரொம்பத் தளர்வு. கண்ணிகளுக்கு நடுவே பின்னால் ஓடும் நூல் எட்டிப் பார்க்கும், துணி தொளதொளவென்று தொங்கும். டிசைனைக் கூட்டிப் பார்த்தால், பத்து டிசைனுக்கு 280 கண்ணி, 100 செ.மீ. பதினொன்றுக்கு 308 கண்ணி, 110 செ.மீ. இரண்டும் நீங்கள் கேட்ட அளவு இல்லை. ஆனால் பத்து டிசைனை வைத்துக்கொண்டு, 10 செ.மீ.க்கு 28 வந்ததை 27 ஆக்கினால் 280 கண்ணி கிட்டத்தட்ட 104 செ.மீ.க்கு வந்துவிடும். ஊசியில் கால் மில்லிமீட்டர் கூட்டினாலே ஒரு கண்ணி குறைய வாய்ப்பு உண்டு. துணியின் திடமும் கெடாது. ஃபேர் ஐலில் அளவு கூட்டும்போது முழு டிசைனால் பாதி தூரம் போய், மீதியை இறுக்கத்தில் சரிசெய்வது எனக்குப் பிடித்த வழி.

பழைய ஊசி எண்ணை நம்பி இறங்கிவிடாதீர்கள். வருடங்கள் போனால் கை இறுக்கம் மாறும். நெடுநாள் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி எடுப்பவர்கள் முதலில் இறுக்கமாகத்தான் பின்னுகிறார்கள்.

மேல்கை ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரே நிறப் பின்னல் இழுத்தால் நீளும். இரு நிறப் பின்னலில் பின்னால் குறுக்கே ஓடும் நூல்கள் அந்த நீட்சியைத் தடுத்துவிடும். அதனால் சாதாரண ஸ்வெட்டரில் பொருந்துகிற அளவு இதில் பொருந்தாது. உங்கள் படத்தில் மேல்கைப் பகுதியில் கண்ணிகள் பக்கவாட்டில் விரிந்து, நட்சத்திரம் அகலமாகி நிற்கிறது. துணி அதற்கு மேல் கொடுக்காது. கையின் சுற்றளவை அளந்து 5, 6 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் கைத்துளையின் ஆழம், ஆகவே அதுவும் கூடும். ஆழம் கூட்டாமல் கையை மட்டும் அகலமாக்கினால் தோளில் சேராது.

கையைத் தோளிலிருந்து கண்ணி எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னும்படி சொல்வேன். பிரிட்டனின் மீனவர் ஸ்வெட்டர்களில் அப்படித்தான் பின்னினார்கள். மணிக்கட்டுப் பக்கம் தேய்ந்தால் அந்த இடத்தை மட்டும் பிரித்து மறுபடி பின்னலாம், நீளத்தையும் போட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம். இன்னும் சில வருடம் கழித்து உடம்பு மறுபடி மாறினாலும் கையைத் திருத்த வழி இருக்கும். உடம்பு மாறுவது சகஜம், ஸ்வெட்டர்தான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். ஸ்வெட்டரை உள்வெளியாகத் திருப்பி, அக்குளுக்குக் கீழே உள்ள இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில்தான் உங்கள் மஞ்சளும் சிவப்பும் வாங்கிய நாளில் எப்படி இருந்தனவோ அதற்குக் கிட்டத்தில் இருக்கும். புது நூலை அதனோடு வைத்துப் பாருங்கள். அச்சு அசலாக அதே நிறம் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். நிறங்களுக்கு நடுவில் உள்ள வெளிச்ச வித்தியாசம் கிடைத்தால் போதும். தேர்ந்த நான்கு உருண்டைகளையும் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். மஞ்சளும் சிவப்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த இரண்டும் சேர்கிற வரிசைகளில் டிசைன் கரைந்துபோகும். அப்போது சிவப்பை இன்னும் அடர்த்தியாக எடுங்கள். நானாக இருந்தால் மஞ்சளைத் தொட மாட்டேன், அந்த ஸ்வெட்டருக்கு உயிர் கொடுப்பதே அதுதான்.

வெட்டிப் பெரிதாக்கும் வழியும் இருக்கிறது. ஷெட்லண்ட் தீவுக்காரர்கள் குழாய்போல் பின்னிவிட்டுக் கைத்துளையைக் கத்தரியால் திறப்பார்கள், ஸ்டீக் என்பார்கள். அதேபோல் ஸ்வெட்டரின் இரு பக்கமும் இயந்திரத் தையல் போட்டு வெட்டி, பக்கத்துக்கு 7 செ.மீ. அகலத்தில் கருநீலப் பட்டை பின்னிச் சேர்த்தால் 104 வந்துவிடும். உங்கள் நூல் ஒட்டும் தன்மையுள்ள கம்பளியாகத் தெரிகிறது, தாங்கும். இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய சூப்பர்வாஷ் நூலாக இருந்தால் வழுக்கும், தொடவே வேண்டாம். இருந்தாலும் பட்டை கையின் அடிப்பக்கம் வரை போனால்தான் மேல்கைக்குத் தீர்வு. அவ்வளவு செய்த பிறகு அது வேறு ஸ்வெட்டராகத்தான் இருக்கும். பிரியமானதை அப்படி வெட்ட எனக்கு மனம் வராது. அது முழுதாக இருக்கட்டும். குளிர் தாங்காத, உங்கள் பழைய அளவுள்ள ஒருவருக்கு அது ஒருநாள் போய்ச் சேரலாம்.

எங்கிருந்து தொடங்குவது? ஸ்வெட்டரிலிருந்து தொடங்காதீர்கள், ஒரு தொப்பி பின்னுங்கள். ஐந்து டிசைன், 140 கண்ணி, வட்ட ஊசியில். 10 செ.மீ.க்கு 27 வந்தால் தொப்பி 52 செ.மீ. சுற்று இருக்கும், பெரும்பாலான பெரியவர்கள் தலையில் நன்றாக உட்காரும். தட்டையாக முன்னும் பின்னும் பின்னிய சாம்பிள் இந்த வேலைக்கு உதவாது, அதன் இறுக்கம் வேறு. தொப்பியைத் துவைத்து, படுக்கவைத்து உலர்த்திய பிறகு அளந்து பாருங்கள். 27 வராமல் 28 வந்தால் ஊசியைக் கால் மில்லிமீட்டர் கூட்டுங்கள், 26 வந்தால் குறையுங்கள். நிறங்கள் நான்கும் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். எத்தனை வந்தது என்று எழுதுங்கள். கைத்துளைக் கணக்கை அதை வைத்துச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்.