ஃப்ளோரைடு விஷத்துல பொட்டாசியம் ஏன் ஏறுது, ஹார்ட் ஏன் நிக்குது?

வயித்துக்குள்ள போன விஷம் எப்படி ஹார்ட்ட நிறுத்துதுன்னு கேட்டிருந்தீங்க. 1942 நவம்பர்ல அமெரிக்காவுல ஓரிகன் மாநில மனநல ஆஸ்பத்திரில பால் பவுடர்னு நெனச்சு கரப்பான்பூச்சி மருந்த, அதாவது சோடியம் ஃப்ளோரைட, முட்டைப் பொடிமாஸ்ல கலந்துட்டாங்க, 47 பேர் செத்துப்போனாங்க, படிக்கும்போதே மனசு பதறுது.

ஃப்ளோரைடுக்கு கால்சியம்னா அப்படி ஒரு பிடிப்பு, ரத்தத்துல இருக்கிற கால்சியத்த அப்படியே கட்டிப்போட்டுடும், அதனால கை கால் இழுத்துக்கும், ஈசிஜில க்யூடி, அதாவது ஹார்ட்டோட கீழறை ஒரு தடவ துடிச்சு மறுபடி தயாராகுற நேரம், நீளும். ஆனா பொட்டாசியம் கதை வேற. வெளிய ரத்தத்துல கால்சியம் குறைஞ்சாலும், ரத்தச் சிவப்பணுவுக்குள்ள கால்சியம் கூடிடுது, அது கூடினா பொட்டாசியம் வெளிய போற ஒரு வாசல் தொறந்துக்குது. உடம்போட பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்குள்ளதான் இருக்கு, ரத்தத்துல சாதாரணமா லிட்டருக்கு 3.5ல இருந்து 5 மில்லிமோல் வரைக்கும்தான், அதனால உள்ள இருந்து கொஞ்சம் கசிஞ்சாலே அளவு எகிறிடும். ஈசிஜில டி அலை கூடாரம் மாதிரி கூர்மையா நிமிந்து நிக்கும், அப்புறம் ஹார்ட்டோட கீழறை துடிக்காம வெறுமனே நடுங்கும், அதோட ரத்த ஓட்டமே நின்னுடும்.

இது பல மணி நேரம் கழிச்சும் வரலாம், தெளிவா பேசிட்டு இருந்தவரே திடீர்னு சாஞ்சுடுவாரு, அதனால வாந்தி நின்னுடுச்சேன்னு தயவுசெஞ்சு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடாதீங்க. ஆஸ்பத்திரில ஈசிஜி மானிட்டர் மாட்டி, நரம்புல கால்சியம் ஏத்துவாங்க, தேவைப்பட்டா டயாலிசிஸும் பண்ணுவாங்க.

தர்மபுரி பக்கம் போர் தண்ணியால பல்லு கறையாகுறதும் ஃப்ளோரைடாலதான், ஆனா அது வருஷக்கணக்குல பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது, இந்த மாதிரி ஒரே நாள்ல ஹார்ட்ட நிறுத்துறது இல்ல.